ஒரு ஜீப், இரண்டு ஓவர்ஹால்

என் ஜீப்பின் எஞ்சினை ஐந்து ஆண்டுகளில் இரண்டு முறை பிரித்தாயிற்று. முதல் முறை ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்தேன். இரண்டாவது முறை நானே ஸ்பேனரை எடுத்தேன். ஆர்வத்தில் எடுத்ததாகத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கோபத்தில் எடுத்தது. முழு ஓவர்ஹால் என்று சொல்லி வாங்கி வந்த எஞ்சின் இரண்டு ஆண்டு முடிவதற்குள் ஆயில் எரிந்து நீலப் புகை கக்கினால் வேறென்ன வரும்?

வண்டி சிஜே-3பி வகை. பழைய ஜீப்புகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தவர்களுக்கு அதன் முகம் தெரிந்திருக்கும். பானெட் மட்டும் உயர்ந்து, நெற்றி பெருத்த குழந்தை மாதிரி நிற்கும். அந்த உயரம் அழகுக்காக வந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்பில் இருந்தது ‘கோ டெவில்’ என்று பெயர் வாங்கிய 2,199 சிசி எஞ்சின். டெல்மர் ரூஸ் என்ற பொறியாளர் 1938-ல் வில்லிஸ் ஓவர்லேண்டுக்கு வந்து, அங்கே ஏற்கெனவே இருந்த 48 குதிரைத்திறன் எஞ்சினைத் திருத்தித் திருத்தி 60-க்குக் கொண்டுவந்தார். அதில் வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே, சிலிண்டரின் பக்கத்தில் இருக்கும். ஹெட் என்பது ஒரு மூடி, அவ்வளவுதான். பிறகு அதே பிளாக்கை அடிப்படையாக வைத்துக்கொண்டு, காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வை மட்டும் மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸாஸ்ட் வால்வு பழையபடி கீழேயே நின்றது. இதுதான் ‘ஹரிகேன்’. குதிரைத்திறன் 72 ஆனது. ஆனால் எஞ்சினும் உயர்ந்துவிட்டது. பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை. அதனால் 1953-ல் பானெட்டை உயர்த்தி சிஜே-3பி என்று வெளியே விட்டார்கள்.

வேகம் பிடிக்கும் எஞ்சின் அல்ல இது. சிலிண்டரின் விட்டம் 79.4 மில்லிமீட்டர்தான், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 111 மில்லிமீட்டர். கிணற்றில் வாளி விடுகிற மாதிரி நீளமாக இறங்கி ஏறும். அதனால்தான் லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) போட்டு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டால்கூடப் பாறைமேல் தானாகத் தவழ்ந்து ஏறும். நான் இந்த வண்டியில் விழுந்தது அந்தத் தவழலுக்காகத்தான்.

அது போய்விட்டது என்று தெரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. எப்போதும் ஏறும் ஒரு மேடு. முதல் கியர், லோ ரேஞ்ச். பாதியில் மூச்சு வாங்கி நின்றது. இறங்கிப் பார்த்தால் ஆயில் ஊற்றும் குழாயின் வாயிலிருந்து புஸ் புஸ் என்று ஆவி. சைலன்சரில் நீலம். ஆயில் குச்சியை இழுத்தால் ‘ஃபுல்’ கோட்டுக்கு ரொம்பக் கீழே. பட்டறைக்காரரை மனதுக்குள் என்னவெல்லாமோ சொன்னேன். எதையும் நேரில் போய்ச் சொல்லவில்லை. சண்டை போடத் தெரியாத ஆள் நான், போகாமல் இருந்துவிடுவேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்துக்கு இறுகுகிறது என்று, பார்த்தேன். நல்ல நிலையில் இந்த எஞ்சின் 120 முதல் 130 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். என்னுடையது 80, 75, 78, 85. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது நான்கும் 110-க்கு மேல் குதித்தன. பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் ரிங் என்ற வளையங்களை ஆயில் போய்ச் சுற்றி அடைத்ததும் அழுத்தம் கூடுகிறது என்றால் ஒழுகுகிற இடம் ரிங், வால்வு அல்ல. கூடவில்லை என்றால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்படலாம். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் எஞ்சினை இறக்கச் சொல்கிறவர்களிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

ஆக, ரிங். இரண்டே ஆண்டில். எப்படி?

முதல் ஓவர்ஹாலில் நான் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ரிங் போயிற்றா, மாற்று. போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்ததா, ரீபோர் செய் (குடைந்து அகலமாக்கு). பேரிங் ஷெல், கேஸ்கெட், வால்வு எல்லாம் புதுசு. எது தேய்ந்தது என்று பட்டியல் போட்டோம், ஏன் தேய்ந்தது என்று பார்க்கவில்லை. இந்த முறை ஒன்று முடிவு செய்தேன்: எதையும் துடைக்கக் கூடாது. பார்த்து, படம் எடுத்து, அளந்து, குறித்த பிறகுதான் மண்ணெண்ணெயில் முக்க வேண்டும். பிரித்தவுடன் பளபளவென்று கழுவுவது நம் எல்லாருக்கும் கை அரிப்பு. கழுவும்போது சாட்சியும் சேர்ந்து போய்விடும்.

ஹெட்டைக் கழற்றும்போதே இந்த எஞ்சின் ஒரு பாடம் நடத்தும். சுற்றிலும் தெரிகிற போல்ட்டுகளை எல்லாம் எடுத்தாயிற்று. ராக்கர் ஷாஃப்ட் வெளியே. புஷ் ராடுகள் அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்தாயிற்று. ஹெட் அசையவில்லை. ரப்பர் சுத்தியால் தட்டினேன். மரக்கட்டை வைத்து நெம்பலாமா என்று யோசித்தபோதுதான் கையேட்டைத் திருப்பிப் படித்தேன். ஹரிகேனில் இன்லெட் மேனிஃபோல்ட் தனியாகக் கிடையாது, ஹெட்டுக்குள்ளேயே வார்த்திருப்பார்கள். கார்புரேட்டர் நேராக ஹெட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். அந்தக் கார்புரேட்டரைத் தூக்கினால், காற்று போகும் வழியின் உள்ளே, இருட்டில், இன்னொரு போல்ட். அதை எடுக்காமல் நெம்பி ஹெட்டை உடைத்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நான் அவர்களோடு சேரப் பத்து நிமிடம்தான் பாக்கி இருந்தது.

(திரும்ப மாட்டும்போதும் அதே ஆபத்து. கார்புரேட்டரை முதலில் மாட்டிவிட்டால் அந்தப் போல்ட் மறந்தே போகும். நான் கார்புரேட்டர் மேல் ‘உள்ளே ஒருவன் இருக்கிறான்’ என்று ஒரு சீட்டு ஒட்டி வைத்தேன்.)

பிஸ்டன்கள் வெளியே வந்தபின் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நான்கையும் வரிசையாக வைத்து, ஒரு முழு மாலை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் ரிங்கின் முகம் பளபளப்பாக இல்லை. மங்கிய சாம்பல் நிறம், நுண்ணிய செங்குத்துக் கீறல்கள். இரண்டாவது ரிங் கொஞ்சம் தேவலாம். கீழே இருக்கும் ஆயில் ரிங் கிட்டத்தட்டப் புதிது மாதிரி.

கண் ஏமாற்றலாம், அளவு ஏமாற்றாது. ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டரின் அடிப்பகுதியில், பிஸ்டன் ரிங் எட்டாததால் தேயாமல் இருக்கும் இடத்தில், நேராக வைத்து அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தேன். புது ரிங்குக்கு விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 4 தௌ இடைவெளி என்பது பொதுக் கணக்கு. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பட்டறைப் பேச்சில் ஒரு தௌ. இந்த எஞ்சினுக்கு அது ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் வரும். ஆயில் ரிங் 0.5 காட்டியது. இரண்டாவது ரிங் 0.9. மேல் ரிங் 1.9. வட்டத்தின் சுற்றளவுக் கணக்கைப் போட்டால் இதிலிருந்தே தேய்மானம் தெரிந்துவிடும்: ரிங்கின் முகம் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் வாய் 0.6 மில்லிமீட்டருக்கு மேல் அகலும். அப்படியானால் என் மேல் ரிங்கின் முகம் கால் மில்லிமீட்டர் கரைந்திருக்கிறது. ஓட்டம் அதிகமாகிக் கிழடு தட்டிய எஞ்சினில் இது இயல்பு. இரண்டு ஆண்டில் இல்லை.

எந்த ரிங் தேய்ந்திருக்கிறது என்பதில் விஷயம் இருக்கிறது. தூசி எஞ்சினுக்குள் போக இரண்டு வழிகள். ஒன்று, ஆயிலோடு: அழுக்கான கையால் கட்டியது, போர் செய்தபின் சரியாகக் கழுவாதது, ஆயில் ஊற்றும்போது விழுந்தது. அப்படி வந்த தூசி கீழேயிருந்து தெறித்து ஏறும். முதலில் அகப்படுவது கீழ் ரிங்கும் பேரிங்குகளும். இன்னொன்று, காற்றோடு. அது மேலேயிருந்து இறங்கும். முதலில் சந்திப்பது மேல் ரிங்கை. மேல் ரிங் ஏற்கெனவே பாவப்பட்டது. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் அதன் வேகம் பூஜ்யம், ஆயில் படலம் மெலிந்திருக்கும், மேலே வெடிப்பு, அந்த அழுத்தம் ரிங்கின் முதுகில் போய் அதைச் சுவரோடு அழுத்தும். அந்த இடத்தில் வார்ப்பிரும்பைவிடக் கடினமான மணல்துகள் ஒன்று சிக்கினால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான்.

சிலிண்டரும் அதையே சொன்னது. உச்சியில், ரிங் திரும்பும் இடத்தில், அடிப்பகுதியைவிட 0.2 மில்லிமீட்டர் அகலம். நகத்தை வைத்து இழுத்தால் விளிம்பில் தட்டியது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் ஷெல்களில் கீறல் இருந்தது, பூதக்கண்ணாடியில் பார்த்தால் மென்மையான உலோகத்தில் துகள்கள் பதிந்திருந்தன. ஆனால் மேல் ரிங்குக்கு நேர்ந்த கதியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. ரிங்கைத் தாண்டி ஆயிலில் விழுந்த மிச்சம்தான் அங்கே போயிருக்கிறது.

அதாவது பட்டறையில் அழுக்காகக் கட்டிவிட்டார்கள் என்று நான் இத்தனை நாள் வைத்திருந்த குற்றச்சாட்டு நிற்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். அதே எண்கள்.

சரி, காற்று. ஜீப்பில் இருப்பது ஆயில் பாத் ஏர் கிளீனர். காகிதம் கிடையாது. காற்று மேலிருந்து இறங்கி, அடியில் கிண்ணத்தில் இருக்கும் ஆயிலின் முகத்துக்கு மேலே சட்டென்று திரும்பும். திரும்ப முடியாத கனமான தூசி ஆயிலில் விழும். மிச்சத்தை ஆயிலில் நனைந்த கம்பி வலை பிடிக்கும். எளிமையான ஏற்பாடு, ஆனால் அதற்குச் சில குணங்கள் உண்டு. காற்று மெதுவாகப் போகும்போது சரியாகப் பிடிக்காது. வண்டி ரொம்பச் சாய்ந்தால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். கிண்ணத்தில் சேறு தட்டிவிட்டால் ஆயிலின் மட்டம் பொய் சொல்லும். காகித வடிகட்டி அளவுக்கு நுண்தூசியைப் பிடிக்காது. இதையெல்லாம் படித்து, ஆஹா, கிளீனர்தான் குற்றவாளி என்று ஒரு வாரம் நம்பினேன். நான் அதை ஒழுங்காகக் கழுவி வந்தவன் என்பதுதான் இடித்தது.

பிறகு கார்புரேட்டரிலிருந்து பின்னோக்கிப் போனேன். கார்புரேட்டரின் தொண்டையில் மெல்லிய பழுப்பு மாவு, விரலில் ஒட்டியது. அதற்கு முன்னால் ரப்பர் ஹோஸ். ஹோஸின் கார்புரேட்டர் முனையில் உள்ளே பழுப்புக் கோடு. கிளீனர் முனையில் வெறும் ஆயில் ஈரம், சுத்தம். அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே எங்கோ தூசி நுழைகிறது. வெளியே தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. வெளிச்சத்தில் பிடித்தேன், ஒன்றுமில்லை. சலித்துப்போய் அதை இரண்டு கையாலும் முறுக்கியபோது, அடிப்பக்கத்தில், கிளாம்ப் இருந்த வரிக்குப் பக்கத்தில், ஒரு வாய் திறந்தது. முறுக்கை விட்டதும் மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரம் அதைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். என் வண்டியில் கிளீனர் பாடியோடு பிடித்திருக்கிறது. கார்புரேட்டர் எஞ்சினோடு ஆடும். நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும்போது அந்த வாய் மூடியிருக்கும். மேட்டில் ஏறும்போது, எஞ்சின் மவுண்டின்மேல் முறுக்கிச் சாயும்போது, அதாவது முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதியில் நான் முழு மூச்சாகக் காற்றை உறிஞ்சும் அதே நேரத்தில் மட்டும், திறக்கும். இதைவிட மோசமான இடத்தில் ஒரு ஓட்டையை வேண்டுமென்றே வைத்தாலும் வைக்க முடியாது.

அப்புறம்தான் கிளாம்ப்பைப் பார்த்தேன். அகலமான பட்டைக் கிளாம்ப் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கம்பிக் கிளாம்ப். அது ரப்பரைக் கத்தி மாதிரி அறுத்திருக்கிறது. பட்டறைக்காரர் போட்டதல்ல அது. தோட்டத்துத் தண்ணீர்க் குழாயிலிருந்து கழற்றியது. தோட்டக் குழாய் என்னுடையது. ஓவர்ஹால் முடிந்து மூன்று மாதம் கழித்து, கிளீனரைக் கழற்றி அழகாகப் பெயின்ட் அடித்து மாட்டியவன் நான். அப்போது பழைய கிளாம்ப் எங்கோ உருண்டுபோனது. இதைக் கொண்டுவந்து, கசியக் கூடாது என்று, முடிந்த மட்டும் இறுக்கினேன்.

இதற்குப் பிறகு கோபத்துக்கு வேலை இல்லை. ஆனால் எஞ்சின் மேசையில் முப்பது துண்டுகளாகக் கிடக்கிறது. கட்டித்தானே ஆக வேண்டும்.

போரிங் பட்டறையில் வயதான ஒருவர். சிலிண்டருக்குள் டயல் கேஜை விட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே 20 தௌ ஓவர்சைஸ், அதாவது மூல விட்டத்தைவிட 20 தௌ அகலம், போயிருக்கிறது என்றார். நான் 30 போதாதா என்று கேட்டேன். கணக்குப்படி 20-லிருந்து 30-க்குப் போனால் விட்டத்தில் கால் மில்லிமீட்டர் கிடைக்கிறது, தேய்மானம் 0.2 தானே. அவர் தலையாட்டினார்.

“வட்டமா தேய்ஞ்சிருந்தா போதும், தம்பி. இது ஒரு பக்கமா தேய்ஞ்சிருக்கு. பிஸ்டன் சாஞ்சு தள்ளுற பக்கம். நடுவ புடிச்சு வெட்டினா அந்தப் பக்கம் பழைய தோல் அப்படியே நிக்கும். 40 போகணும். அதுக்கு மேல போனா உள்ள புதுக் குழாய் எறக்கணும், ஸ்லீவ்தான்.”

பிஸ்டனைக் கையில் கொண்டுவந்து கொடுத்தால்தான் வெட்டுவேன் என்றும் சொல்லிவிட்டார். பெட்டியில் 40 என்று அச்சிட்டிருந்தாலும் நான்கு பிஸ்டனும் ஒரே அளவாக இருக்காது. ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து, எண் குத்தி, அதற்கேற்ற சிலிண்டரை வெட்டினார். கிராங்க்கை இன்னொரு 10 தௌ கிரைண்ட் செய்தார். எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இந்தப் பிளாக்குகளில் விரிசல் விழுவது வழக்கம். காந்தம் வைத்து இரும்புத் தூளைத் தூவிப் பார்த்தார். தூள் எங்கும் கோடாகச் சேரவில்லை. அன்று எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி.

பிளாக் திரும்பி வந்ததும் ஒரு வாரம் கழுவினேன். மிகையில்லை, ஒரு வாரம். பிளாக்கின் தண்ணீர் வழிகளை மூடும் வெல்ஷ் பிளக்குகளைத் தட்டி எடுத்தபோது நான்காவது சிலிண்டரைச் சுற்றி, தண்ணீர் மெதுவாகப் போகும் பின்பக்கத்தில், துருவும் மண்ணும் களிம்பாக இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்து எடுத்தேன். முதல் ஓவர்ஹாலில் இதைத் தொடவே இல்லை போலிருக்கிறது. (இந்த ஒரு குறையைப் பட்டறைக்காரர் கணக்கில் எழுதலாம். ஆசையாக எழுதிக்கொண்டேன்.) ஆயில் போகும் துளைகளின் பிளக்குகளையும் எடுத்து, துப்பாக்கிக் குழல் துடைப்பது போன்ற நீளமான பிரஷ்ஷை விட்டு இழுத்தால் கறுப்புக் கூழ்.

ஹோன் செய்த, அதாவது சாணைக்கல்லால் குறுக்குக் கோடு இழுத்த, சிலிண்டரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் சுத்தமான மாதிரி தெரியும். சாணைத்தூள் அந்தக் குறுக்குக் கோடுகளின் அடியிலேயே படுத்திருக்கும். சுடுதண்ணீரும் சோப்பும் பிரஷ்ஷும்தான் அதை எழுப்பும். தேய்த்து, அலசி, உடனே காற்றடித்து உலர்த்தி, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணி சாம்பலாக வந்தால் மறுபடி சோப்பு. ஏழாவது முறைதான் துணி வெள்ளையாகவே வந்தது. நடுவில் கழுவிய தண்ணீர் காய்வதற்குள் சிலிண்டர் சுவரில் இளஞ்சிவப்பாகத் துருப் பூக்கத் தொடங்கியது. பச்சை வார்ப்பிரும்பு எவ்வளவு சீக்கிரம் துருவேறும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஆயில் டப்பாவைத் தேடி ஓடினேன்.

கட்டும் வேலை இதையெல்லாம்விடச் சின்னது. கேட்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அளந்து கழுவியதில் போன நாட்களில் நாலில் ஒரு பங்குகூட இதற்கு ஆகவில்லை. கிராங்க்கை மூன்று மெயின் பேரிங்கில் உட்கார வைத்து, பிளாஸ்டிகேஜ் என்ற நூல் மாதிரியான பிளாஸ்டிக் துண்டைப் போட்டு இறுக்கி, நசுங்கிய அகலத்தைப் பார்த்தால் இடைவெளி தெரியும். மூன்றும் ஒன்றரை தௌவை ஒட்டி இருந்தன. ஒவ்வொரு கேப்பை இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். எந்தக் கேப்பில் பிடிக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

அந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. முதல் பிஸ்டன் போட்டேன், சுற்றினேன், வழுக்கிக்கொண்டு சுற்றியது. இரண்டாவது போட்டேன். பிடித்தது. ஷெல்லை எடுத்துப் பார்த்தேன், சுத்தம். ரிங்கா என்று பிஸ்டனை வெளியே எடுத்தேன், சரியாகத்தான் இருந்தது. மறுபடி போட்டேன், மறுபடி பிடித்தது. அரை நாள் போனது. இந்த எஞ்சினில் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு நடுநிலையாக இருக்காது; அதன் பெரிய வளையம் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். குறுகிய பக்கம் எப்போதும் அருகிலிருக்கும் மெயின் பேரிங்கைப் பார்த்திருக்க வேண்டும். முதல் ராடுக்கு முன்பக்க பேரிங் அருகில், இரண்டாவதுக்கு நடு பேரிங். நான் இரண்டையும் ஒரே திசையில் மாட்டியிருக்கிறேன். பிஸ்டனிலிருந்து பின்னைக் கழற்றித் திருப்பி மாட்டியபோது, பிஸ்டனின் ஓரப் பிளவு இப்போது சரியான பக்கம் பார்க்கிறதா என்பதையும் மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு தப்பைத் திருத்தும்போது இன்னொன்று செய்வது என் வழக்கம்.

டைமிங் கியரில் புள்ளிக்கு நேர் புள்ளி. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, 60 முதல் 70 அடி-பவுண்டு வரை. உள்ளே இருப்பவனையும் சேர்த்து. டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடுவது), குளிர்ந்த நிலையில், மேலே இன்லெட்டுக்கு 18 தௌ, கீழே எக்ஸாஸ்டுக்கு 16. மேலே உள்ள நான்கையும் பத்து நிமிடத்தில் முடிக்கலாம். கீழே உள்ள நான்கைச் சரிசெய்ய எஞ்சினின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, தலையைச் சாய்த்து, மெல்லிய இரண்டு ஸ்பேனரையும் ஃபீலர் கேஜையும் இரண்டே கையால் பிடிக்க வேண்டும். பொறியாளர் ரூஸ் மேல் எனக்கு நிறைய மரியாதை. அந்த மதியம் கொஞ்சம் குறைந்தது.

ஆயில் பம்ப்பும் ஒரு விளையாட்டு காட்டும். அது பிளாக்கின் வெளியே, பக்கத்தில் தொங்கும். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் அதைச் சுற்றும், அதன் தண்டு டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும். பம்ப்பை ஒரு பல் மாற்றி மாட்டினால் இக்னிஷன் டைமிங் எங்கேயோ போய்விடும். வேறு எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு டிரில் மெஷினால் பம்ப்பைச் சுற்றி முன்கூட்டியே ஆயில் ஏற்றலாம். இதில் பம்ப் கேமோடு கோத்திருப்பதால் முடியாது. பம்ப்புக்குள் ஆயிலை நிரப்பி மாட்டி, ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தக் கேஜின் முள் எழும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றினேன். விட்டு விட்டு, ஸ்டார்ட்டர் சூடேறாமல். முள் துடித்து எழுந்தபோது பிளக்கை மாட்டினேன்.

உடனே பற்றிக்கொள்ளவில்லை. சிலிண்டர்கள் வெடிக்கும் 1-3-4-2 என்ற வரிசையில் இரண்டு வயரை மாற்றிச் சொருகியிருந்தேன். கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல் தும்மியது. மாற்றிப் போட்டதும் ஓடியது. ஐடிலில் விட்டு ரசிக்க ஆசைதான், ஆனால் புது ரிங் உட்கார ஐடில் உதவாது. வெடிப்பின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு அழுத்த வேண்டும். ஒழுகல் பார்த்து, சூடு பார்த்து, நேராகச் சாலைக்கு எடுத்துப் போனேன். மிதித்து விட, மிதித்து விட, ஒரே வேகத்தில் நிறுத்தாமல். ஆறியபின் ஹெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, டேப்பெட்டுகளை மறுபடி பார்த்து, முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்து மாற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து கம்ப்ரஷன் 122, 120, 124, 121. புது ஹோஸ், அகலக் கிளாம்ப். அதே மேட்டில் ஏறிவிட்டு வந்து ஹோஸைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியைச் சுருட்டி விட்டு இழுத்தேன். ஆயில் ஈரம் மட்டும் இருந்தது.

அன்று மாலைதான் பழைய பட்டறைக்காரருக்கு போன் செய்தேன். ஏன் செய்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. இத்தனை நாள் நான் திட்டியது அவருக்குத் தெரியவே தெரியாது, ஆகவே மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. நலம் விசாரித்துவிட்டு, “அண்ணே, நீங்க கட்டின எஞ்சின் புகை விட்டுச்சு, பிரிச்சு மறுபடி கட்டினேன்” என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்சம் அமைதி. பிறகு கேட்டார்: “மேல் ரிங் தேய்ஞ்சிருந்துச்சா, கீழ் ரிங்கா?”

“மேல் ரிங்ண்ணே.”

“அப்ப காத்துலதான் வந்திருக்கு. அந்த ஹோஸ முறுக்கிப் பாத்தீங்களா, தம்பி?”